இன்று முடி வெட்டலாமா?

சிங்கப்பூரிலோ பினாங்கிலோ பழைய சீனக் கடை ஒன்றுக்குள் நுழைந்தால், கல்லாவுக்குப் பின்னால் சுவரில் ஒரு தினசரி காலண்டர் தொங்கும். தேதி பெரிய எழுத்தில் இருக்கும். நம் வீட்டுக் காலண்டரில் ராகு காலம், எமகண்டம், சூலம் அச்சிட்டிருக்கும் இடத்தில் அங்கே சீன எழுத்துகள் இரண்டு பகுதியாக நிற்கும். ஒரு பகுதி இன்று செய்ய உகந்தவை, மற்றது தவிர்க்க வேண்டியவை. திருமணம், புதுவீடு புகுதல், அடுப்பு அமைத்தல், கட்டில் போடுதல், கடை திறத்தல், பயணம், குளியல், முடி வெட்டுதல், சவ அடக்கம் என்று மனித வாழ்க்கையில் வரக்கூடிய காரியம் எல்லாம் அந்த இரண்டு பகுதிக்குள் அடங்கிவிடும். பொடி எழுத்தில் இன்னும் சில வரிகள்: நல்ல நேரம் எது, செல்வக் கடவுள் இன்று எந்தத் திசையில் இருக்கிறார், இன்றைய நாள் எந்த விலங்கு வருடத்தில் பிறந்தவர்களோடு மோதுகிறது.

அந்தத் தாள் இப்போது கைபேசிக்குள் வந்துவிட்டது. எலி, எருது, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி என்று பன்னிரண்டு விலங்குகள். உங்கள் பிறந்த வருடத்துக்கு உரியதைத் தொட்டால் பணம், வேலை, காதல், உடல்நலம் ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை தந்து இரண்டு வரி எழுதியிருப்பார்கள். சிங்கப்பூரில் எனக்குத் தெரிந்த ஒரு சீனப் பெண்மணி கணக்குத் தணிக்கை செய்பவர். 1990இல் பிறந்தவர், குதிரை வருடம். காலையில் எம்ஆர்டி ரயிலில் ஏறியதும் முதலில் பார்ப்பது அன்றைய குதிரை பலனைத்தான். நம்புகிறீர்களா என்று கேட்டால் தயங்காமல் இல்லை என்பார். பிறகு எதற்குப் பார்க்கிறீர்கள் என்றால், பார்க்காமல் விட்டால் என்னவோ போலிருக்கும் என்பார்.

இந்த அத்தியாயம் அந்த ‘என்னவோ போலிருக்கும்’ என்பதைப் பற்றியது.

முதலில் பலன் எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம். தமிழ் வருடங்களுக்குப் பிரபவ தொடங்கி அட்சய வரை அறுபது பெயர் சுற்றி வருகிறதல்லவா, சீன மரபில் வருடத்துக்கு மட்டுமின்றி மாதத்துக்கும் நாளுக்கும் இரண்டு மணி நேரக் கூறுக்கும்கூட அப்படி ஓர் அறுபதின் சுற்று உண்டு. பத்துப் பெயர் கொண்ட ஒரு வரிசை, பன்னிரண்டு பெயர் கொண்ட இன்னொரு வரிசை. இரண்டையும் ஜோடி சேர்த்து நகர்த்திக்கொண்டே போனால் அறுபதாவது ஜோடிக்குப் பிறகு முதல் ஜோடி திரும்ப வரும். நாட்களை இப்படி எண்ணும் வழக்கம் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் சீனாவின் அன்யாங்கில் எலும்பிலும் ஆமை ஓட்டிலும் பொறித்த குறிகேட்புகளிலேயே இருக்கிறது. பன்னிரண்டு பெயர்களோடு விலங்குகள் ஒட்டிக்கொண்டது அதற்குப் பிறகு. பன்னிரண்டையும் வட்டமாக நிறுத்தினால் எலிக்கு நேர் எதிரே குதிரை, எருதுக்கு எதிரே ஆடு, புலிக்கு எதிரே குரங்கு. எலி நாள் வந்தால் குதிரை வருடத்தவருக்கு மோதல். அவ்வளவுதான் விதி. மாதத்தை நிர்ணயிக்கச் சூரியனின் ஓட்டத்தைப் பார்க்கிறார்கள். மற்றபடி இது ஒரு சக்கரக் கணக்கு. யார் வேண்டுமானாலும் அடுத்த நூறு ஆண்டுக்கு இப்போதே போட்டு வைத்துவிடலாம். போட்டும் வைத்திருக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் சியன்லுங் பேரரசர் காலத்தில் நாள் பார்க்கும் விதிகளைத் திரட்டி ஒழுங்குசெய்து அரசாங்கமே பெரும் தொகுப்பு நூல் வெளியிட்டது.

கணக்கின் விளைவு ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு நாளுக்கு ஒரு முறை ஒவ்வொருவருக்கும் மோதல் நாள் வந்தே தீரும். சீனாவின் மக்கள்தொகை சுமார் 140 கோடி. ஆகவே எந்த நாளை எடுத்துக்கொண்டாலும், இன்று உங்களுக்குச் சரியில்லை என்ற வரி அங்கே 11 கோடிக்கும் அதிகமானவர்களுக்கு உரியது. தமிழ்நாட்டு மக்கள் அத்தனை பேரைவிடவும் பெரிய கூட்டம் அது. அவர்களில் அன்றைக்குக் கல்யாணம் செய்துகொண்டவர் இருப்பார், வேலை கிடைத்தவர் இருப்பார், கால் இடறி விழுந்தவரும் இருப்பார்.

இது நேற்று முளைத்த பழக்கம் இல்லை. 1975ஆம் ஆண்டின் கடைசியில் ஹுபெய் மாகாணத்து ஷுயிஹூதி என்ற இடத்தில் ஒரு கல்லறையைத் தோண்டியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூங்கில் பட்டைகள் கிடைத்தன. அதில் புதைக்கப்பட்டவர் ஷி என்ற பெயருடைய, சின் அரசின் கீழ்நிலை அதிகாரி, கி.மு. 217இல் இறந்தவர். சட்ட விதிகள், விசாரணை நடத்தும் முறை, வழக்குக் குறிப்புகள் எல்லாம் அவரோடு இருந்தன. அவற்றுக்குப் பக்கத்திலேயே நாள் பார்க்கும் சுவடிகளும் இருந்தன. பொருள் திருடுபோன நாளுக்குரிய விலங்கை வைத்துத் திருடன் எப்படிப்பட்ட தோற்றம் உடையவன் என்று ஊகிக்கும் குறிப்பு ஒன்று அவற்றில் உண்டு. பன்னிரண்டு விலங்குகளைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் அது ஒன்று. சாட்சியை விசாரிக்கத் தெரிந்த மனிதர், சட்டம் படித்தவர், நாளும் பார்த்திருக்கிறார். படிக்காத பாமரர்தான் ஜோதிடம் பார்ப்பார் என்று நினைப்பவர்கள் ஷியை நினைத்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு மறுப்பும் பழையதுதான். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த வாங் சோங் என்ற அறிஞர் ‘லுன்ஹெங்’ என்ற தம் நூலில் நாள் பார்ப்பதை விரிவாகச் சாடியிருக்கிறார். அவர் காலத்தில் தலைக்குக் குளிக்கவே நாள் பார்க்கும் நூல் ஒன்று புழங்கியது. எலி நாளில் தலை அலசினால் பிறர் அன்பைப் பெறலாம், முயல் நாளில் அலசினால் முடி நரைத்துவிடும் என்பது அதன் வாக்கு. வாங் சோங் கேட்கிறார்: கை கழுவவும் கால் கழுவவும் உடம்பு தேய்த்துக் குளிக்கவும் யாரும் நாள் பார்ப்பதில்லை, எல்லாம் அழுக்குப் போக்கும் காரியம்தானே, தலைக்கு மட்டும் எதற்கு நாள்? அன்பு கிடைப்பது முகத்தையும் குணத்தையும் பொறுத்தது, நரை வருவது வயதைப் பொறுத்தது. பதினைந்து வயதுப் பெண் முயல் நாளில் தலை அலசினால் நரைத்துவிடுமா? விலங்குகளின் மோதலையும் அவர் விடவில்லை. எலி நீருக்கு உரியது, குதிரை நெருப்புக்கு உரியது, நீர் நெருப்பை வெல்லும் என்கிறார்களே, அப்படியானால் எலி ஏன் குதிரையைத் துரத்துவதில்லை என்று கேட்டார்.

இதைவிடத் தெளிவாக யாரும் மறுத்துவிட முடியாது. சுமார் 1,900 ஆண்டுகள் கழித்தும் முடி வெட்ட உகந்த நாள் காலண்டரில் அச்சாகிறது. நான் வாங் சோங்கின் பக்கம் நிற்பவன். ஆனாலும் அவர் வாதத்தில் வென்று பழக்கத்திடம் தோற்றார் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்தப் பழக்கம் வாதத்தின் மேல் நிற்கவில்லை. வேறு சில தூண்களின் மேல் நிற்கிறது.

முதல் தூண் எல்லா ஜோதிடத்துக்கும் பொது. 1948இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தம் வகுப்பு மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்தார். சில நாள் கழித்து ஒவ்வொருவர் கையிலும் அவரவர் பெயர் எழுதிய அறிக்கையைக் கொடுத்து, உங்களைப் பற்றி எந்த அளவுக்குச் சரியாக இருக்கிறது, 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுங்கள் என்றார். சராசரி 4.26 வந்தது. உண்மையில் எல்லோருக்கும் கொடுத்தது ஒரே அறிக்கை. வாக்கியங்களில் பெரும்பாலானவற்றை அவர் கடையில் விற்ற ஜோதிடப் புத்தகம் ஒன்றிலிருந்து எடுத்திருந்தார். உங்களை நீங்களே கடுமையாக விமர்சித்துக்கொள்வீர்கள், சில நேரம் கலகலப்பாகவும் சில நேரம் ஒதுங்கியும் இருப்பீர்கள் என்கிற ரகம். யாருக்குத்தான் அது பொருந்தாது?

இப்போது குதிரை வருடத்தாருக்கான ஒரு நாள் பலனைப் பார்ப்போம். வழக்கமான நடையில் நானே எழுதியது: ‘வேலையிடத்தில் சிறு கருத்து வேறுபாடு எழலாம். பொறுமையாக இருந்தால் பெரியவர் ஒருவரின் ஆதரவு கிடைக்கும். பண விஷயத்தில் அவசரம் வேண்டாம். எதிர்பாராத இடத்திலிருந்து செய்தி வரும்.’ இதில் ‘எழலாம்’ என்ற சொல் கருத்து வேறுபாடு வந்தாலும் தாங்கும், வராவிட்டாலும் தாங்கும். எந்தப் பெரியவர், எந்த ஆதரவு என்று சொல்லவில்லை; லிப்டில் மேலாளர் சிரித்தாலும் போதும். செய்தி நல்லதா கெட்டதா என்று இல்லை. வாட்ஸ்அப் இருக்கும் வரை அந்த வரி பொய்க்காது. வாக்கியத்தை எழுதியவர் பாதி எழுதி விட்டிருக்கிறார். மீதிப் பாதியை நம் அன்றைய நாளிலிருந்து நாமே எடுத்து நிரப்புகிறோம். நிரப்பியது நாம் என்பதால் அது நமக்காகவே எழுதியது போலத் தோன்றுகிறது.

காலையில் படித்த வரி கண்ணை வேறு திருப்பிவிடுகிறது. கருத்து வேறுபாடு என்று படித்தவருக்குச் சக ஊழியர் சற்றுச் சத்தமாகப் பேசினாலே அது கருத்து வேறுபாடாகப் படும். ஒரு நாளில் நமக்கு நேரும் சின்னஞ்சிறு சம்பவங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். நான்கு வரிப் பலனுக்கு அவற்றில் ஒன்றிரண்டு பொருந்தாமல் போனால்தான் ஆச்சரியம். பொருந்தியதை மதியச் சாப்பாட்டில் ஒருவரிடம் சொல்வோம். பொருந்தாத நாளைப் பற்றி யாரும் யாரிடமும் சொல்வதில்லை, அதில் சொல்ல ஒன்றுமில்லை.

இந்த மௌனத்தைத்தான் ஸே ஹோங், ஜோசப் ஹென்ரிக் என்ற இரு ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட கட்டுரையில் எடுத்துக்கொண்டார்கள். குறிபார்க்கும் முறைகள் உலகமெங்கும் ஏன் இத்தனை காலம் தாக்குப்பிடிக்கின்றன என்பது அவர்கள் கேள்வி. கணித மாதிரிகளை வைத்து மூன்று காரணங்களைக் காட்டினார்கள். ஏற்கெனவே இருக்கும் உறுதியான நம்பிக்கை ஒன்று, தோல்விகள் பேச்சில் வராமல் போவது இன்னொன்று. மூன்றாவதுதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது: பிறர் செய்வதைப் பார்த்து அவர்கள் நம்புகிறார்கள் என்று தப்பாக எடுத்துக்கொள்வது. நம் தணிக்கைப் பெண்மணியை எதிர் இருக்கையில் இருந்து பார்ப்பவருக்கு என்ன தெரியும்? நல்ல உத்தியோகத்தில் இருக்கும் ஒருவர் தினமும் பலன் பார்க்கிறார் என்பது தெரியும். அவர் நம்பவில்லை என்பது தெரியாது. அரைகுறை மனத்தோடு பார்க்கும் ஆயிரம் பேரைப் பார்த்து ஆயிரத்தோராவது நபர், இத்தனை பேர் நம்பும் விஷயத்தில் ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்ற முடிவுக்கு வருகிறார்.

இதுவரை சொன்னது பலன் பற்றி. பஞ்சாங்கத்தின் விஷயம் வேறு. இன்று முடி வெட்டாதே என்பதில் மழுப்பல் கிடையாது, எல்லோருக்கும் பொருந்தும் வர்ணனையும் கிடையாது. ஒரு கட்டளை, அவ்வளவுதான். ஃபோரரின் விளக்கம் இங்கே உதவாது. நம்பாதவர்கூட ஏன் அந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படிகிறார் என்பதற்கு வேறு இடத்தில் பதில் தேட வேண்டும்.

ஜேன் ரைசன் என்ற உளவியலாளர் 2016இல் எழுதிய கட்டுரை இந்த இடத்தில் வெளிச்சம் காட்டுகிறது. மனம் சட்டென்று ஒரு முடிவுக்குத் தாவும், பிறகு நிதானமான அறிவு அது தப்பு என்று கண்டுபிடித்துத் திருத்தும் என்றுதான் வழக்கமாகச் சொல்வார்கள். தப்பைக் கண்டுபிடிப்பதும் திருத்துவதும் தனித்தனி வேலைகள் என்கிறார் ரைசன். ‘இது அறிவுக்கு ஒத்துவராது’ என்று மனத்துக்குத் தெளிவாகவே தெரியும். தெரிந்துகொண்டே அந்த உணர்வுக்கு இணங்கிப் போகும். இணங்குவதற்குச் செலவு குறைவாக இருந்தால் இன்னும் சுலபமாக இணங்கும். முடி வெட்டுவதைச் செவ்வாயிலிருந்து வியாழனுக்குத் தள்ளிப்போடுவதில் என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. சொந்த வீட்டை விற்றுவிடச் சொன்னால் அதே மனிதர் மூன்று பேரிடம் விசாரிப்பார்.

செலவு குறைவு என்பது பாதிக் காரணம். மறுபாதி வருத்தத்தின் கணக்கு. ரைசனும் தாமஸ் கிலோவிச்சும் சேர்ந்து செய்த முந்தைய ஆய்வுகளில், விதியைச் சீண்டும் செயல் என்று கருதப்படும் ஒன்றைச் செய்தால் கெட்டது நடக்க வாய்ப்பு அதிகம் என்றே மக்களுக்குப் படுகிறது என்று கண்டார்கள். கெட்ட விளைவு மனத்தில் உடனே படமாக எழுந்துவிடுகிறது. கண் முன் வருவது நடக்கக்கூடியதாகவும் தோன்றுகிறது. காலண்டர் பயணம் வேண்டாம் என்ற நாளில் கிளம்பி வண்டி பழுதானால், பழுதோடு சேர்த்து ‘சொன்னார்களே, கேட்கவில்லையே’ என்ற வேதனையும் வரும். எதுவும் சொல்லாத நாளில் பழுதானால் வெறும் பழுது. அந்த இரண்டாவது வேதனைக்கு முன்கூட்டியே செலுத்தும் சிறு காப்பீட்டுத் தொகைதான் காலண்டரைப் பார்ப்பது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பதற்ற நோய்களுக்குச் சிகிச்சை தருபவர்கள் பாதுகாப்புச் செயல்கள் என்று ஒரு வகையைக் குறிப்பிடுவார்கள். நெரிசலில் மயக்கம் வருமோ என்று அஞ்சுபவர் எப்போதும் சுவரைப் பிடித்துக்கொண்டே நடப்பார். மயக்கம் வராது. சுவரைப் பிடித்ததால்தான் வரவில்லை என்று அவர் மனம் கணக்கு எழுதிக்கொள்ளும். பிடிக்காமல் நடந்திருந்தாலும் வந்திருக்காது என்று கற்றுக்கொள்ளும் சந்தர்ப்பமே அவருக்கு அமையாது. மோதல் நாளில் எதையும் தொடங்காமல் இருப்பவருக்கும் இதே கதிதான். அந்த நாள் அமைதியாகக் கழியும். எதையும் தொடங்காத எந்த நாளும் அமைதியாகத்தானே கழியும். காலண்டருக்கு ஒரு வெற்றி கூடும். பார்த்ததும் கிடைக்கும் சின்ன நிம்மதி, மறுநாள் பார்ப்பதற்கான காரணமாகிவிடும். பார்க்காத நாளில் அந்த நிம்மதி கிடைக்காதது ஒரு குறையாக உறுத்தும். நம் தணிக்கைப் பெண்மணிக்கு ‘என்னவோ போலிருப்பது’ இதனால்தான். உறுத்தலைத் தந்ததும் பழக்கம்தான், தீர்ப்பதும் அதே பழக்கம்தான்.

எல்லோரும் எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் பலன் பார்ப்பதில்லை. மாலினோவ்ஸ்கி என்ற மானுடவியலாளர் நூறு ஆண்டுகளுக்கு முன் பசிபிக் பெருங்கடலின் ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் ஒன்றைக் கவனித்தார். அமைதியான காயலில் மீன் பிடிக்கும்போது அங்குள்ளவர்கள் மந்திரச் சடங்கு செய்வதில்லை. ஆபத்தும் நிச்சயமின்மையும் நிறைந்த திறந்த கடலுக்குப் போகும்போது விரிவாகச் செய்கிறார்கள். 1991 வளைகுடாப் போரில் ஈராக்கின் ஸ்கட் ஏவுகணைகள் விழுந்த இஸ்ரேலிய நகரங்களிலும் விழாத நகரங்களிலும் மக்களைப் பேட்டி கண்ட கியோரா கெய்னான், ஆபத்துப் பகுதியினரிடம் மாய நம்பிக்கை கூடுதலாக இருப்பதைப் பதிவுசெய்தார். நிச்சயமின்மையைத் தாங்க முடியாத சுபாவம் உள்ளவர்களிடம் அது இன்னும் அதிகம். தங்கள் கையில் எதுவும் இல்லை என்ற உணர்வை ஆய்வகத்தில் உண்டாக்கினாலே, வெறும் புள்ளிக் குவியலிலும் மக்கள் உருவங்களைக் காணத் தொடங்குகிறார்கள் என்று விட்சனும் கலின்ஸ்கியும் 2008இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள்.

சீனாவின் அண்மைக் காலத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. 2023 ஜூனில் அங்கே நகரங்களில் 16 முதல் 24 வயதுக்குட்பட்டோரின் வேலையின்மை 21.3 விழுக்காட்டைத் தொட்டது. அதன் பிறகு சில மாதங்களுக்கு அரசு அந்தக் கணக்கை வெளியிடுவதையே நிறுத்திவைத்தது. அதே ஆண்டில்தான் பெய்ஜிங்கின் யோங்ஹ கோயில் வாசலில் இளைஞர்கள் ஊதுவத்தியும் கையுமாக வரிசையில் நின்ற படங்கள் செய்திகளில் நிறைந்தன. ஒன்று மற்றதற்குக் காரணம் என்று இதை மட்டும் வைத்துத் தீர்த்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் நூறு விண்ணப்பம் அனுப்பிவிட்டு ஒரு பதிலும் வராத இருபத்திரண்டு வயதுக்காரருக்கு, இன்று கிழக்குத் திசை நல்லது என்று யாரோ உறுதியாகச் சொல்வது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நாம் கொச்சைப்படுத்தக் கூடாது. அவரைச் சுற்றி வேறு எதுவும் அவ்வளவு உறுதியாகப் பேசவில்லை.

சீன மரபு பரிகாரத்தையும் கையோடு தருகிறது. பலன்களில் அடிக்கடி வரும் இருவர் உண்டு: கைதூக்கிவிடும் பெரியவர், குழிபறிக்கும் அற்பர். அந்த அற்பரைச் சமாளிக்க ஹாங்காங்கின் காஸ்வே பே பகுதியில் கெனால் சாலை மேம்பாலத்துக்கு அடியில் ஒரு சடங்கு நடக்கிறது. வயதான பெண்கள் தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். மனித உருவம் வரைந்த காகிதத்தைச் செங்கல்லின் மேல் வைத்து, பழைய செருப்பால் ஓங்கி ஓங்கி அடிப்பார்கள். அடித்து நைந்த காகிதத்தை எரித்துவிடுவார்கள். மார்ச் முதல் வாரத்தில் வரும் பருவ நாளில் கூட்டம் நெரியும். யான் ஜாங், ரைசன், கிறிஸ்டின் ஹோசி மூவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது எனக்கு அந்தச் செருப்புச் சத்தம்தான் நினைவுக்கு வந்தது. விதியைச் சீண்டிவிட்டோம் என்று கருதுபவர்கள், தங்களிடமிருந்து வெளியே தள்ளும் விதமான உடல் அசைவு ஒன்றைச் செய்தால், மேசையைத் தட்டுவதோ பந்தை வீசுவதோ எதுவானாலும், கெட்டது நடக்கும் என்ற அச்சம் குறைகிறது என்று அவர்கள் கண்டார்கள். தன்னை நோக்கி வரும் அசைவுகளில் அந்தப் பலன் இல்லை.

ஆகவே அன்றாடப் பலன் பார்ப்பவரை முட்டாள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. இந்தப் பஞ்சாங்கத்தின் ஆபத்து வேறோர் இடத்தில் இருக்கிறது. நாளுக்கான பலன் அன்று இரவோடு கிழிந்துபோகும். பிறந்த வருடத்துக்கான பலன் ஆளோடு ஒட்டிக்கொள்ளும்.

ஜப்பான் இதற்குக் கொடுத்த விலை பெரியது. அறுபது ஆண்டுக்கு ஒரு முறை வரும் நெருப்புக் குதிரை வருடத்தில் பிறக்கும் பெண் கணவனை விழுங்கிவிடுவாள் என்பது அங்கே நிலவிய நம்பிக்கை. சீன வருடச் சக்கரத்தின் மேல் ஜப்பானியர் தாமாக வளர்த்துக்கொண்ட கதை அது. 1965இல் ஜப்பானில் சுமார் 18.2 லட்சம் குழந்தைகள் பிறந்தன. நெருப்புக் குதிரை வருடமான 1966இல் 13.6 லட்சம். மறு வருடமே 19 லட்சத்தைத் தாண்டியது. தொலைக்காட்சியும் அதிவேக ரயிலும் வந்துவிட்ட ஒரு நாட்டில், நாலரை லட்சம் பிறப்புகள் ஒரே ஆண்டில் காணாமல் போயின. அந்தப் பெற்றோர் எல்லோரும் கதையை நம்பியிருக்க வேண்டும் என்பதில்லை. மகளை நாளை பெண் கேட்டு வருபவர்கள் நம்புவார்களோ என்ற பயம் ஒன்றே போதும்.

டிராகன் வருடத்தில் இதற்கு நேர்மாறு. சிங்கப்பூர், தைவான், ஹாங்காங் சீனர்களிடையே 1988 போன்ற டிராகன் ஆண்டுகளில் பிறப்புகள் கூடின. பொருளியலாளர்கள் மோஜானும் ஹான் யூவும் சீனாவில் டிராகன் குழந்தைகளின் படிப்பை ஆராய்ந்து, அவர்கள் தேர்வுகளில் கூடுதல் மதிப்பெண் பெறுவதையும் கல்லூரிப் படிப்பை எட்டும் வாய்ப்பு அதிகமாக இருப்பதையும் கண்டார்கள். காரணம் வீட்டுக்குள் இருந்தது. டிராகன் பிள்ளைமேல் பெற்றோர் வைக்கும் எதிர்பார்ப்பு அதிகம், அதன் படிப்புக்குச் செலவிடும் நேரமும் பணமும் அதிகம், வீட்டு வேலை வாங்குவது குறைவு. பெற்றோரின் எதிர்பார்ப்பையும் செலவையும் கணக்கில் கழித்துவிட்டால் டிராகனின் மகிமையும் மறைந்துவிட்டது. ஆடு வருடத்துப் பிள்ளைக்கும் அதே நேரமும் பணமும் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி என்னை உறுத்துகிறது.

இந்த வகையில் மிகவும் பரபரப்பூட்டிய ஆய்வு 1993இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது. டேவிட் ஃபிலிப்ஸ் குழுவினர் சீன அமெரிக்கர்கள் 28,169 பேரின் இறப்புப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். பிறந்த வருடத்துக்குரிய பூதம் (நீர், நெருப்பு போன்றவற்றில் ஒன்று) எந்த உறுப்பைப் பலவீனமாக்கும் என்று மரபு சொல்கிறதோ, அந்த உறுப்பிலேயே நோய் வந்தவர்கள் மற்றவர்களைவிட 1.3 முதல் 4.9 ஆண்டுகள் முன்னதாக இறந்தார்கள் என்றது ஆய்வு. நம்பிக்கையே ஆளைக் கொல்லும் என்பதற்கு இதை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் பொருளியல் பேராசிரியர் கேரி ஸ்மித் பின்னர் வேறு ஆண்டுகளின் பதிவுகளை எடுத்துச் சோதித்தபோது அந்த வித்தியாசம் தென்படவில்லை. பொருந்திய தரவைச் சொல்லிப் பொருந்தாததை விட்டுவிடும் பழக்கம் ஜோதிடத்துக்கு மட்டும் உரியதில்லை. அதனால் இந்த ஆய்வை ஆதாரமாக வைத்து நான் எதையும் சொல்லப் போவதில்லை.

சொந்த விலங்கு வருடம் திரும்பி வருவதும் கவலைக்குரிய காலமாகக் கருதப்படுகிறது. 24, 36, 48, 60 வயதுகளில் சிவப்பு இடுப்புக் கயிறும் சிவப்பு உள்ளாடையும் அணிவார்கள். அதோடு நின்றால் யாருக்கும் கேடில்லை. ஆனால் சீனப் பங்குச்சந்தை நிறுவனங்களை ஆராய்ந்த ரேமண்ட் ஃபிஸ்மன் குழுவினர், தலைவருக்குச் சொந்த விலங்கு வருடம் வரும்போது அந்த நிறுவனம் ஆராய்ச்சி, மேம்பாட்டுக்குச் செலவிடுவது குறைகிறது என்று காட்டியிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கானோர் பிழைப்பு ஒருவரின் பிறந்த வருடத்தோடு முடிச்சுப் போடப்படுகிறது.

என் அளவுகோல் இதுதான்: பலனைப் பார்த்து உங்கள் முடியை எப்போது வெட்டுவது என்று தீர்மானியுங்கள், தாராளமாக. இன்னொருவரை வேலைக்கு எடுப்பதா, மருமகளாக ஏற்பதா, குழந்தையாகப் பெற்றுக்கொள்வதா என்று தீர்மானிக்காதீர்கள்.

பலன் பலிக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுபவர்களுக்கு ஒரு சோதனை உண்டு. ஆய்வகம் வேண்டாம், பலன் பார்க்காத ஒரு நண்பர் போதும். காலையில் நீங்கள் எதையும் படிக்கக் கூடாது. அன்றைய பன்னிரண்டு பலன்களையும் விலங்குப் பெயரை நீக்கி, வரிசையைக் கலைத்து, நண்பர் இரவு உங்களுக்கு அனுப்ப வேண்டும். உங்களுக்குக் கழிந்த நாளுக்கு மிகவும் பொருந்துவது எது என்று ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். அது உங்கள் விலங்குக்கு உரியதா என்று நண்பர் குறித்து வைக்கட்டும், முடியும் வரை சொல்லக் கூடாது. 36 நாள் செய்தால், கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் சராசரியாக மூன்று சரியாக வரும். ஏழோ அதற்கு மேலோ வருவது வெறும் தற்செயலில் நூற்றில் ஏறக்குறைய மூன்று பேருக்கு மட்டுமே வாய்க்கும். அப்படி வந்தால் இன்னொரு 36 நாள் செய்து பாருங்கள்.

முடிந்ததும் பழையபடி காலையில் படிக்கத் தொடங்கலாம். இந்த முறை பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, படித்த வரியால் அன்று எதைத் தள்ளிப்போட்டீர்கள், எந்த அழைப்பை எடுக்கவில்லை, யாரிடம் பேசாமல் ஒதுங்கினீர்கள் என்று மட்டும் எழுதி வாருங்கள்.